காதுக்குள் குறுக்கே பேசும் குரல்

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே ஹெட்போன் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. முந்தின நாள்தான் 48 வெள்ளி கொடுத்து அதை ரிப்பேர் செய்து வாங்கி வந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

கம்பெனி பேர் வேண்டாம். தலைக்கு மேல் மாட்டுகிற நாய்ஸ் கேன்சலிங் ரகம். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கிய வாரம் வாங்கினேன், பாட்டுக் கேட்பதற்காக அல்ல. நான் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். எங்கள் கூடுகையில் பாதிரியாரும் இல்லை, கீதமும் இல்லை. ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்போம். யாருக்காவது உள்ளிருந்து தூண்டுதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை பேசுவார். வராவிட்டால் கடைசிவரை மௌனம்தான். பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்கினால் வழிபாடு முடிந்தது.

அந்த ஏப்ரலில் யார் வீட்டிலும் கூட முடியவில்லை. இணையத்தில் துழாவியபோது, 1903இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய உட்புரூக் என்ற குவேக்கர் கல்வி நிலையம் இணையம் வழியாக மௌன வழிபாடு நடத்துவது தெரிந்தது. அங்கே காலை என்றால் நமக்கு மாலை. அடுத்த வருஷம் எங்கள் மேல்மாடியில் ரெனவேஷன் தொடங்கியது. வார நாட்களில் மாலை ஐந்து மணிவரை சுவரைத் துளைக்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அனுமதி உண்டு. ஹெட்போன் இல்லாமல் அந்த மாதங்களை ஓட்டியிருக்க முடியாது.

வெளியிலிருந்து வரும் ஒலியை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பி அடக்குகிறது. காற்றாடி, ஏர்கான், எம்ஆர்டி ரயில் இரைச்சல் என ஒரே சீராக வருவதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடும். துளைபோடும் சத்தத்தில் அடித்தொனி போய் ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். குயிலிடம் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. புளோக்குக்குக் கீழே மரத்திலிருந்து கூவினால் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடும். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

எதிர்பாராத இன்னொரு சந்தோஷமும் உண்டு. திரையில் எல்லாரும் மைக்கை அணைத்திருந்தால் அது செத்த மௌனம். ஒருநாள் யாரோ ஒருவர் அணைக்க மறந்துவிட்டார். அவர் வீட்டுக் கடிகாரம் டிக் டிக்கென்றது. ஜன்னலில் மழை அடித்தது. யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்கள். அத்தனை நுணுக்கமாகக் கேட்டது, அந்த அறையிலேயே நானும் இருந்ததுபோல.

இனி குறை. பேட்டரி இறங்கினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் 'பேட்டரி லோ' என்று சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அதை அணைக்க வழியே இல்லை. செயலி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு மாலை வயதான ஒருவர் பேசத் தொடங்கினார். மனைவியை இழந்தவர். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அவள் போன பிறகு நான் தெரிந்துகொண்டது" என்று சொல்லி நிறுத்தினார். அடுத்த சொல் வந்த நொடியில் இது குறுக்கே விழுந்தது. அவர் தெரிந்துகொண்டது என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் கூடுகையில் பேசியவரைத் திருப்பிக் கேட்கும் வழக்கமில்லை. மௌனத்தை விற்கிறோம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், வாயை மூட ஒரு பொத்தான் வைத்திருக்கக் கூடாதா?

காது மெத்தை நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. கறுப்புச் செதில் உரிந்து கன்னத்தில் ஒட்டும். இருமுறை மாற்றியாயிற்று.

பேட்டரி போனதும் சர்வீஸ் கவுண்டரில், இந்த மாடலுக்கு ரிப்பேர் இல்லை, தள்ளுபடியில் புதுசு எடுங்கள் என்றார்கள். பேரங்காடி ஒன்றின் மூலையில் சின்னக் கடை வைத்திருக்கும் அண்ணன் 48 வெள்ளி கேட்டார். பேரம் பேசவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே குவேக்கர் வியாபாரிகள் ஒரே விலைதான் சொன்னார்கள். எந்த விலைக்குக் கொடுக்கத் தாங்கள் தயாரோ அதற்கு மேல் கேட்பது பொய் என்பது அவர்கள் எண்ணம். அண்ணனும் ஒரே விலைதான் சொன்னார், சொன்ன நாளில் கொடுத்தார். இப்போது இருபது மணி நேரம் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுபடி வீடுகளில் கூடத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. முன்பு அப்படி இருந்ததில்லை. விசிலும் லிஃப்ட் சத்தமும் குழந்தை அழுகையும் சேர்ந்ததுதானே எங்கள் மௌனம். அந்தப் பழக்கம் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. இதற்கு ஹெட்போனைத்தான் குற்றம் சொல்வேன்.

ஒலி நன்று, உழைப்பு நன்று, தலைக்குப் பாரமில்லை. ஆனாலும் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்: "வாங்காதேம்மா. பாதி விலைக்கும் வேணாம். என்னோடதை எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் போட்டுப் பாரு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மட்டும் திருப்பிக் கொடுத்துடு, எனக்கு வழிபாடு இருக்கு."