காஸ்டிக் சோடாவுக்குப் பதில் அர்ஜினைன்: இரண்டு கோடை பார்த்த பிறகு

வீட்டில் சருமத்துக்குச் செய்யும் ஜெல்லிலும் டோனரிலும் பிஎச் (அமில-கார அளவு) ஏற்ற, எல்-அர்ஜினைன் என்ற அமினோ அமிலப் பொடி. இரண்டு வேலூர்க் கோடைகள் தாண்டியும் கார்போமர் (காரம் சேர்ந்தால் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி) ஜெல்லுக்கு இதைவிடத் தோதான காரம் கிடைக்கவில்லை. பழ அமில டோனருக்கு என்றால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு இறங்கவும்.

வாங்கும்போதே பலர் கோட்டை விடுவார்கள். ஜிம் பவுடர் கடை டப்பாவில் 'எல்-அர்ஜினைன்' என்று பெரிதாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் 'ஹெச்சிஎல்' என்று இருக்கும். அது ஹைட்ரோகுளோரைடு உப்பு, அமிலம் சேர்ந்து காரம் அடங்கிப்போனது. எத்தனை ஸ்பூன் கொட்டினாலும் ஜெல் கெட்டியாகாது. வேண்டியது அமிலம் சேராத 'பேஸ்' வகை. 10 கிராம் பொடியை 90 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து பிஎச் ஸ்ட்ரிப் நனைத்தால் 11 பக்கம் காட்ட வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலைச் சின்ன பாட்டிலில், மூடி இறுக்கி, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் மட்டும் வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வீரியம் குறையும். பொடிக்கும் இதே கதிதான்.

100 கிராம் ஜெல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் 89 கிராம், கார்போமர் 0.5, கிளிசரின் 3, பிரிசர்வேட்டிவாக (கெடாமல் காக்க) ஃபீனாக்சிஎத்தனால் 0.8. கார்போமரை ஒரே இடத்தில் கொட்டினால் மேலே வழவழ, உள்ளே காய்ந்த கட்டி. சல்லடையில் தூவி, ராத்திரி முழுக்க ஊறவிட்டால் தானே கரையும். கிளிசரினும் பிரிசர்வேட்டிவும் கலந்த பிறகு, கடைசியாகத்தான் அர்ஜினைன் கரைசல். 6 கிராம் விட்டு மெதுவாகக் கிளறி, பிறகு சொட்டுச் சொட்டாக 8 கிராம் வரை. பிஎச் 6-ஐ ஒட்டி நிறுத்துங்கள். பிளெண்டர் வேண்டாம், புகுந்த காற்றுக் குமிழ் வெளியே வராது. சமையல் சோடாவும் இதனால்தான் உதவாது, ஜெல்லுக்குள்ளேயே நுரைத்துவிடும்.

பிஎச் எகிறிவிட்டால் லாக்டிக் அமிலம் விட்டு இறக்கலாம். ஆனால் ஏற்றி இறக்கி ஏற்றினால் உப்பு சேர்ந்து ஜெல் நீர்த்துப்போகும், மறுபடி கெட்டிப்படாது. நம் ஊர் போர் தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்யும். குழாயிலும் வாளியிலும் வெள்ளையாய்ப் படியும் அந்தக் கால்சியம் கார்போமரைப் பிடித்துக்கொண்டு ஜெல்லைத் தளர்த்திவிடும். கேன் வாட்டரையும் நம்ப வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

இந்த பிஎச்சில் சோடியம் பென்சோயேட்டைப் பிரிசர்வேட்டிவாகப் போட்டு ஏமாறாதீர்கள். அது 5-க்குக் கீழேதான் காக்கும், மேலே பூஞ்சை வரும். ஃபீனாக்சிஎத்தனாலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இப்போது அந்தக் கணக்கு. அர்ஜினைனின் மூலக்கூறு எடை 174, காஸ்டிக் சோடாவுக்கு 40. ஒரு கிராம் சோடா செய்யும் வேலைக்கு இதில் 4.4 கிராம் வேண்டும். 5 சதவீத கிளைகாலிக் (பழ அமில வகை) டோனரை பிஎச் 3.8-க்குக் கொண்டுவர, 100 கிராமுக்கு சுமார் 5.7 கிராம் அர்ஜினைன் போகும். 10 சதவீதக் கரைசலாக விட்டால் 57 கிராம், பாதி பாட்டில் அதிலேயே நிறைந்துவிடும். அதனால் டோனருக்குப் பொடியாகவே போடுங்கள். சோடாவில் 1.3 கிராமோடு முடிந்துவிடும். செலவு கூடினாலும் பலன் இல்லாமல் இல்லை. அர்ஜினைன் அமிலத்தைப் பிடித்து மெதுவாக விடுவதால் சருமத்தில் சுறுக்கென்ற எரிச்சல் குறைவு.

நிறத்தில்தான் கோடை வேலை காட்டும். தேன், குளுக்கோஸ் போன்ற சர்க்கரை உள்ள பொருளோடு சேர்ந்தால், கத்திரி வெயில் அறையில் ஜெல் மஞ்சளாகிப் பழுப்பாகும். வைட்டமின் சி சீரமும் அப்படித்தான். தேன் ஜெல் ஆசைப்பட்டால் சிறிய அளவாகச் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பிஎச் 8-ஐத் தாண்டிய ஜெல்லில் மெல்லிய கவிச்சி வாடையும் வரும். அதைச் சென்ட் விட்டு மறைக்க வேண்டாம், பிஎச்சை இறக்கினால் வாடை தானே அடங்கும்.