நடைக்குத் தெரிந்தெடுத்த பாட்டா, வேகம் மாற்றும் செயலியா?

காலையில் திருகோணமலையில் டச்சுக்குடாக் கரையோரம் நடந்து, பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயில் ஏற்றம் வரை போவேன். இரண்டையும் அங்கேதான் சோதித்தேன்.

நிமிடத்துக்கு 120 தாளத்தட்டு உள்ள பாட்டுகளை நாமே தெரிந்து வைத்தால், விறுவிறுப்பான நடைக்குத் தட்டுக்கு ஓரடி அழகாக விழும். ஓடுகிறவருக்கு 80 தட்டுப் பாட்டே போதும். தட்டுக்கு இரண்டடி வைத்தால் நிமிடத்துக்கு 160 அடி. ஆனால் ஏற்றத்தில் கால் தளரும், பாட்டு தளராது. மூச்சு வாங்கும்.

செயலி காலடியை எண்ணி, சுருதி மாறாமல் பாட்டை மெதுவாக்கும். ஏற்றத்துக்கு அது நல்ல துணை. ஆனால் கோட்டை மான் குறுக்கே வந்து நான் நின்றுவிட்டால் பாட்டும் தடுமாறும். பாட்டை அதிகம் இழுத்தால் மிருதங்க ஒலி குழைந்துபோகும். அதை என்னால் பொறுக்கவே முடியாது.

சரி, எனக்குத் தெரிந்தெடுத்த பாட்டுத்தான். ஏற்றத்துக்கென்று 100 தட்டில் இரண்டு பாட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.