ஐஸ்லாந்தில் கேம்பர்வேன் எடுப்பவர்களே, 'ஃபுல் இன்சூரன்ஸ்' காற்றுக்குச் செல்லாது

கெஃப்ளாவிக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வாடகை நிறுவனம். பெயர் வேண்டாம், இதே மாதிரி ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் அங்கே நிறையப் பேர். செப்டம்பர் கடைசி. ரெனோ டிராஃபிக் வேன், இரண்டு பேர் படுக்கலாம், டீசல் ஹீட்டர் உண்டு. முன்பதிவிலேயே 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று நீட்டிய பில்லில் ஓட்டுநர் பக்கக் கதவின் கீல், புது முன் கண்ணாடி, 'தவறாகப் பயன்படுத்தப்பட்ட' இரண்டாவது பேட்டரி (எஞ்சினுக்கு இல்லாமல் ஹீட்டர், விளக்கு போன்றவற்றுக்கு இருப்பது) என்று மூன்று செலவுகள். மூன்றையும் டெபாசிட்டில் கழித்துவிட்டார்கள்.

முதலில் கதவு. திறக்கும்போது காற்று பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடுவது அந்த நாட்டில் சாதாரணமாக நடப்பது. கீல் வளையும், கதவின் விளிம்பு மட்கார்டில் இடித்துத் தகடு நசுங்கும். வாடகையோடு வரும் சி.டி.டபிள்யூ என்ற அடிப்படைக் காப்பு, அதற்கு மேல் விற்கிற எஸ்.சி.டி.டபிள்யூ இரண்டுமே மோதல் சேதத்துக்கானவை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் காற்றால் கதவுக்கு வரும் சேதம், வண்டியின் அடிப்பாகம், ஆற்றில் இறங்கியதால் வரும் கேடு ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். மணல், சாம்பல் சேதத்துக்கு 'சாப்' என்று வேறொரு காப்பு விற்பார்கள். அதிலும் ஒரு தொகை வரை நம் பொறுப்புதான். பணம் கட்டும் முன் விலக்குப் பட்டியலை மட்டுமாவது மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சாப் வீண் என்று சொல்லவில்லை. தெற்குக் கரையில் வீக் என்ற ஊரிலிருந்து ஹொப்ஃன் என்ற ஊர் வரை ஒன்றாம் எண் சாலை மிர்டால்ஸ்ஸாண்டுர், ஸ்கெய்தாராவ்ர்ஸாண்டுர் என்ற கறுப்பு மணல்வெளிகளைக் கடக்கிறது. காற்று எழுந்தால் அந்த எரிமலை மணல் ஒரு பக்கப் பெயின்டைச் சுரண்டி, கண்ணாடியை மங்கலாக்கிவிடும். அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டிவரும்.

அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 15 என்றால் மணிக்கு 54 கி.மீ., 20 என்றால் 72. உயரமான வேனுக்கு 15-லேயே பயணத்தை நிறுத்திவிடலாம். எயாஃப்யோல் அடிவாரம், ஒராய்ஃபி, ஹ்வால்னெஸ், ரெய்க்யாவிக்குக்கு வடக்கே கியாலார்னெஸ் ஆகிய இடங்களில் மலையிலிருந்து இறங்கும் வீச்சு (திடீரெனச் சில நொடிகள் பலமாக அடிக்கும் காற்று) சராசரி வேகத்தைவிட மிக அதிகம். ஆகவே முன்னறிவிப்பில் சராசரியோடு வீச்சு எண்ணையும் பாருங்கள். வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடும். சாலை நிலவரத்துக்கு 1777-ஐ அழைக்கலாம். புயலில் மாட்டி ஒரு நாள் தாமதமானால் கூடுதல் வாடகை உண்டா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது பில்லில் நிற்காது.

நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றுதான் முன்கதவைப் பிடுங்கும். ஒரு நேரத்தில் ஒரு கதவு, அதுவும் இரண்டு கையாலும் பிடித்தபடி. வண்டி எடுக்கும்போது ஒவ்வொரு முன்கதவையும் முழுக்கத் திறந்து, கீலருகே பெயின்ட் வெடித்திருக்கிறதா, கதவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் சமமா என்று வீடியோ எடுங்கள். முந்தைய ஆள் வளைத்த கீலுக்கு அடுத்த ஆளிடம் காசு வாங்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. அவர்களுடைய சேதப் படிவத்தில் வண்டியின் வெளிக்கோடு மட்டும் இருக்கும், கீலுக்கு இடமே இருக்காது. ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கண்ணாடி விஷயம் சுருக்கமானது. ஜல்லிச் சாலையில் உச்ச வேகம் 80, ஆனால் எதிரே வண்டி வந்தால் 50-க்குக் குறையுங்கள். நாணய அளவுக்குக் குறைவான தெறிப்பு ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லாமல், விரிசலும் ஓடாமல் இருந்தால் ரெசின் ஊற்றிச் சரிசெய்யலாம். பில் மட்டும் புதுக் கண்ணாடிக்கு வரும். பழுதுபார்த்த பட்டறையின் ரசீது, வண்டி எண்ணோடு, கேளுங்கள். அது வராதவரை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

பேட்டரிக்குப் போட்ட காசுதான் இருப்பதிலேயே அபாண்டம். இரண்டாம் இரவு ஹீட்டர் கிளம்பப் பார்த்து நின்றுபோனது. நிறுவனத்திடமிருந்து தொலைபேசியில் கிடைத்த பதில், 'போன் சார்ஜ் போட்டே தீர்த்துவிட்டீர்கள்.' கணக்குப் பார்ப்போம். வெபாஸ்டோ ஏர் டாப் 2000 போன்ற ஹீட்டர் ஓடும்போது 14 முதல் 29 வாட் இழுக்கும், அதாவது சுமார் 1.2 முதல் 2.4 ஆம்பியர். ஒன்பது மணி நேரத்துக்கு அதிகபட்சம் 22 ஆம்பியர்-மணி. 95 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏ.ஜி.எம். (கசியாத ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 47 கிடைக்கும். நல்ல பேட்டரியை ஹீட்டரும் இரண்டு போனும் ஓர் இரவில் தீர்க்க முடியாது.

பிறகு ஏன் தீர்கிறது? யூரோ 6 (ஐரோப்பியப் புகை வரம்பு) எஞ்சின் வண்டிகள் பலவற்றில், ஓடும்போது பேட்டரியை நிரப்புவது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எரிபொருள் மிச்சம் பிடிக்க அது மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடும். பழைய பாணி ரிலே (தானியங்கி சுவிட்ச்) வழியாக இணைத்த இரண்டாவது பேட்டரி, நாள் முழுக்க ஓட்டினாலும் நிறையாது. இதற்குத் தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும், அது கூடுதல் செலவு, ஆகவே பலர் போடுவதில்லை. இன்னொரு காரணம், பல சீசனாக அடிமட்டம்வரை வடித்து வடித்துச் செத்த பேட்டரி.

இரண்டையும் வாடகைக் கூடத்திலேயே கண்டுபிடிக்கலாம். வோல்ட் காட்டும் திரை இல்லையென்றால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு வோல்ட்மீட்டர் போதும், ஆனால் அந்தத் துளை இரண்டாவது பேட்டரியோடு இணைந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாமல் 12.6-க்குக் குறையக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 14.2-ஐ ஒட்டி வர வேண்டும். 13-ஐத் தாண்டாமல் நின்றால் சார்ஜ் ஒழுங்காகப் போகவில்லை. அடுத்து எஞ்சினை அணைத்து ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பின் சூடாக அதிக மின்சாரம் இழுக்கும். அப்போது 11.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, வேறு வண்டி கேளுங்கள். எரிபொருள் பம்ப்பின் 'டிக் டிக்' கேட்டு, சூடான காற்று பத்து நிமிடம் நிற்காமல் வர வேண்டும். எல்லாம் வீடியோவில், திரையின் எண் தெரியும்படி.

ஹீட்டர் டீசலை வண்டியின் டேங்கிலிருந்தே எடுக்கிறது, மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர். பல வண்டிகளில் டேங்க் ஓரளவு காலியானதும் ஹீட்டர் தானாக நின்றுவிடும், ஆகவே இரவுக்கு முன் நிரப்புங்கள். அணைக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டாதீர்கள். விசிறி ஓடி முடிந்து அதுவே ஓயட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் தூங்கவே வேண்டாம்.

'எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம்' என்ற விளம்பரமும் பொய். 2015 நவம்பர் முதல், கேம்ப்சைட்டுக்கு வெளியே வேனில் தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். செப்டம்பர் நடுவில் பல கேம்ப்சைட்டுகள் மூடிவிடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். அருவிகளின் பார்க்கிங்கில் கேமரா எண் தகட்டைப் படிக்கும், அக்குரேரி அருகே உள்ள வாத்லாஹெய்தி சுரங்கத்துக்கும் இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கார்டில் எடுக்கும்.

ஏற்கனவே பணம் எடுத்துவிட்டார்களா? ஒப்பந்தம், கிளம்பும்போது எடுத்த வீடியோ, பட்டறை ரசீது கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், இவற்றை வைத்து முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். கூடவே கார்டு வங்கியில் தகராறு பதியுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு, ஊர் திரும்பிய வாரமே செய்வது நல்லது. ஐஸ்லாந்தில் வாடகை வண்டி உரிமம் தருவது சாம்கோங்குஸ்டோஃபா என்ற போக்குவரத்து ஆணையம். நுகர்வோர் தகராறுகளை விசாரிக்கத் தனி முறையீட்டுக் குழுவும் உண்டு. இரண்டு இடத்துக்கும் போகும் புகாரில் வோல்ட் எண்களையும் மேலே போட்ட ஆம்பியர் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.