காசிமேட்டுப் பட்டறையில் செய்த மலைத்தடி: வாங்கலாமா?

மலை ஏறுவதற்கு மரத்தில் ஒரு தடி, அதுவும் மெஷினில் கடையாமல் கையால் இழைத்தது வேண்டும் என்று தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், படகு ரிப்பேர் நடக்கிற பக்கமாக ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. துடுப்பு செய்கிற ஆசாரி எங்கே என்று டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். ஃபைபர் படகுகள் பெருகிய பிறகு அவருக்குப் படகு வேலை ரொம்பக் குறைந்துவிட்டது, இப்போது சம்மட்டிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போடுவதும், பழைய மரப்படகு ஏதாவது வந்தால் பலகை மாற்றுவதும்தான். தடி அவருக்கு எப்போதாவது வரும் வேலை.

நான் தேக்கு என்று ஆரம்பித்ததுமே தடுத்துவிட்டார். "தேக்கு கதவுக்கு, கட்டிலுக்கு ஓகே தம்பி. உன் வெயிட்டு மொத்தமும் ஒரு பக்கமா சாஞ்சா பட்டுனு போயிடும்." அவர் சொன்னது சரிதான். தேக்கு கரையானுக்கும் தண்ணீருக்கும் அசையாதே தவிர, அதிர்ச்சி தாங்குகிற மரம் இல்லை. கருவிகளுக்குப் பிடி போடக் கருவேலம், புளி, கொய்யா என்று தேடிப் போவது இதனால்தான். அவரிடம் நிழலில் காயப் போட்டிருந்த கொய்யாக் கட்டைகள் இருந்தன, இரண்டு முனைகளிலும் மெழுகு தடவி வைத்திருந்தார். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அதை அடைக்காவிட்டால் வெடிப்பு விழும். வெட்டி ஒரு வருஷமாவது ஆகாத கட்டையைத் தொடமாட்டாராம்.

மரத்தை அவர் தேர்ந்தெடுத்த விதத்துக்கே தனியாக மார்க் போடலாம். கட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ரேகை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை ஓடுகிறதா, நடுவில் பக்கவாட்டில் நழுவி வெளியே வருகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை வெளியேறுகிற இடத்தில்தான் தடி முறியும். பளபளவென்று இருந்த ஒரு கட்டையை இந்தக் காரணத்துக்காகவே ஓரமாகப் போட்டுவிட்டு, பார்க்கச் சுமாராக இருந்த ஒன்றை எடுத்தார்.

அப்புறம் அளவு. மலைக்குப் போடுகிற ஷூவோடு வரச் சொல்லியிருந்தார். நிமிர்ந்து நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு மேலே ஒரு சாண் விட்டுப் பென்சிலில் கோடு போட்டார். தாத்தா ஊன்றுகிற கைத்தடி மணிக்கட்டு உயரம் இருந்தால் போதும், மலைத்தடிக்கு அது பத்தாது, இறங்கும்போது கீழ்ப்படியில் முன்கூட்டியே ஊன்ற வேண்டுமே. எனக்கு நாலேகால் அடி வந்தது. மேலே ஒன்றேகால் அங்குல கனம், கீழே முக்காலாகச் சிறுத்துக்கொண்டே போகிறது.

உருட்டுகிற வேலைக்காகவே அங்கே போய் உட்காரலாம். முதலில் கட்டையைச் சதுரமாக இழைக்கிறார், பிறகு நாலு மூலையையும் சீவி எட்டுப் பட்டை, அதன் மூலைகளைச் சீவிப் பதினாறு, அதற்கப்புறம்தான் வட்டம். பாய்மரமும் துடுப்பும் செய்கிறவர்களின் பழைய முறை இது. பிடிக்கிற இடத்தை மட்டும் எட்டுப் பட்டையாகவே விடச் சொன்னேன், வியர்த்த கையில் அது சுற்றாது. கேட்டவுடன் புரிந்துகொண்டார். உப்புத்தாளை 80, 120, 220 என்று மூன்று நம்பரில் போட்டார்.

வார்னிஷ் அடிக்கத்தான் அவருக்கு ஆசை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வார்னிஷ் பிடியில் வழுக்கும், உள்ளங்கையில் கொப்புளமும் வரும். ஆளி விதை எண்ணெய் வாங்கிக் கொடுத்தால் தேய்த்துக் கொடுப்பார், நீங்களே வீட்டிலும் தேய்க்கலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப் போடுங்கள்.

குறை என்று பார்த்தால் அடிமுனைதான். ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டு வெட்டிப் பூணாக அடித்திருந்தார். கடற்கரை ஈரக் காற்றில் இறுக்கமாக இருந்தது, கோடையில் வெள்ளியங்கிரி போனபோது மரம் சுருங்கி, முதல் மலைப் படிகளிலேயே பூண் ஆட ஆரம்பித்துவிட்டது. பாறையில் இரும்பு வழுக்குகிறது, சத்தம் வேறு. திரும்பிக் கொண்டுபோனதும் காசு வாங்காமல் குறுக்கே ஆணி இறக்கி ரிவிட் அடித்துக் கொடுத்தார், சரி, ஆனால் அதை முதலிலேயே செய்திருக்கலாம். அதற்கு மேலே மெடிக்கல் ஷாப்பில் விற்கிற ரப்பர் புஷ் ஒன்றை மாட்டிக்கொண்டேன், இப்போது தொல்லை இல்லை.

நேரம் விஷயத்தில் அவரை நம்பாதீர்கள். "செவ்வாக்கிழமை வா" என்றால் எந்தச் செவ்வாய் என்று அவருக்கே தெரியாது. படகு வேலை வந்தால் உங்கள் தடி பின்னுக்குப் போய்விடும். கூலியும் மரமும் சேர்த்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஜிபே உண்டு, பில் கிடையாது.

அலுமினியம் தடியோடு ஒப்பிட்டால் இது கனம்தான், அரைக் கிலோவைத் தாண்டுகிறது, மடக்கவும் முடியாது. மின்சார ரயில் கூட்டத்தில் இதை வைத்துக்கொண்டு ஏறினால் நாலு பேர் முறைப்பார்கள், நீலகிரி எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டால் பிரச்சினை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளியங்கிரி மட்டும் போகிறவர்களுக்கு அடிவாரத்தில் கிடைக்கிற மூங்கில் கம்பே போதும், இவ்வளவு செலவு தேவையில்லை. குடியம் குகை, ஜவ்வாது மலை என்று அடிக்கடி கிளம்புகிறவர், இறங்கும்போது முட்டி வலிக்கிறவர் என்றால் தாராளமாகப் போகலாம். ரிவிட் அடித்த பூண் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலையில் போங்கள், மதியம் கடை பூட்டியிருக்கும்.