மதுரையா, திண்டுக்கல்லா: எந்தக் கோட்டை தாங்கும்?

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்துக்குக் கோட்டை மாதிரி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் திண்டுக்கல் என்றார்கள், நான் மதுரை என்றேன். கடைசியில் மதுரையைத்தான் செய்தோம்.

உயரத்தில் திண்டுக்கல்லோடு போட்டி போட முடியாது. மொட்டைப் பாறை, ஏற ஒரு பக்கம்தான் வசதி, சுற்றிலும் சமவெளி. வருகிற படையைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம், காவலுக்கும் ஆள் குறைவாகப் போதும். சரி, இதெல்லாம் தெரிந்ததுதான்.

மதுரைக்கு அந்த வசதி எதுவும் இல்லை. சமதரையில் ஊரையே வளைத்த மதில், 72 கொத்தளங்கள் (மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடைகள்), அகழி. வடக்கே வைகை ஓடினாலும் கோடையில் அது மணல்காடு. எல்லா அரணையும் மனிதர்களே கட்டிப் பராமரிக்க வேண்டும். என் கணக்கில் அதுதான் மதுரையின் பலம். அப்போது மதுரையை ஆண்ட யூசுப் கான் (மருதநாயகம்) மதிலைச் செப்பனிட்டுப் பலப்படுத்தி வைத்திருந்தார். 1763இல் அவரை எதிர்த்து வந்த கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மழையில் முற்றுகையை விட்டுத் திரும்பியது. 1764 ஜூனில் அதே கும்பினியின் மேஜர் கேம்பெல் நேரடியாகத் தாக்கியும் உள்ளே நுழைய முடியவில்லை. திண்டுக்கல்லோ 1790 ஆகஸ்டில் கும்பினியின் கர்னல் ஸ்டூவர்ட்டிடம் சில நாட்களிலேயே போனது.

ஆனால் மதுரைக்கும் ஒரு ஓட்டை உண்டு: தானியம். இத்தனை நீள மதிலுக்கு எத்தனை ஆள் வேண்டும்! அத்தனை பேருக்கும், உள்ளே இருக்கிற ஊருக்கும் சோறு போட வேண்டும். மதிலைத் தாண்ட முடியாதவர்கள் வழிகளை அடைத்தார்கள். பசி வந்ததும் உள்ளுக்குள்ளேயே பேரம் தொடங்கியது. சொந்த ஆட்களே யூசுப் கானைக் கும்பினியிடம் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். கல்லுக்கும் பீரங்கிக்கும் செலவிடுவதற்கு முன் களஞ்சியத்தை நிரப்ப வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் மாதிரியிலும் அதைத்தான் பெரிதாக வைத்தோம், பிள்ளைகளுக்குப் பீரங்கி குறைந்துபோன வருத்தம்.

திண்டுக்கல் மேலே பாறையில் வெட்டிய குளங்கள் இருக்கின்றன. நான் ஏறியது வெயில் காலத்தில் மட்டும்தான், அதனால் மழை பெய்தால் அவை எவ்வளவு தாங்கும் என்பதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளவெடுக்க நாங்கள் வெளி வீதிகளைச் சுற்றி நடந்தோம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கவைத்த தடம் அது. பெரியார் பேருந்து நிலையம் அருகே மிஞ்சியிருக்கும் கொத்தளத்தைப் பார்த்துத்தான் மதிலுக்கு நிறம் பூசினோம். அடுத்த வருடம் திண்டுக்கல். அந்தப் பாறைக்கு எத்தனை தெர்மாகோல் பிடிக்குமோ!