பழைய காரின் ஏ.சி.: கேஸ் நிரப்புவதா, கசிவைத் தேடுவதா?

பல ஆண்டுகள் ஓடிய காரில் குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று சொன்னதுமே, "கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது சீக்கிரம் முடிகிற வேலை; கசிவைத் தேடிச் சரிசெய்வதோ ஒரு நாளையே விழுங்கிவிடக்கூடியது. ஆயினும் ஏ.சி.யில் குளிரை உண்டாக்கும் இந்தக் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வழி கண்டு வெளியேறியிருக்கிறது.

இரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு முன், கோளாறு கேஸில்தானா என்று பார்த்துவிட வேண்டும். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெப்பக் காற்று வருமானால், கேஸின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் விசிறி சுழலாமல் இருக்கலாம், அல்லது கண்டென்சரின் தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். காற்றின் வேகமே குறைந்திருந்தால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் அறையில் குழாய் சில்லென்று இருந்தும் உள்ளே வெப்பக் காற்று வருமானால், ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் மடல் சிக்கியிருக்கும். இவற்றுக்கெல்லாம் கேஸ் நிரப்புவதால் எந்தப் பயனும் இல்லை.

கேஸ்தான் குறைவு என்று உறுதியானால், எத்தனை காலத்தில் குறைந்தது என்பதே என் அளவுகோல். ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியாகவும் சிறிதளவு கேஸ் ஆண்டுதோறும் கசிவது இயல்பு. ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகக் குளிர்ச்சி மங்கியிருந்தால், மீண்டும் நிரப்பிக்கொள்வது நியாயமான முடிவு. ஒரே கோடைக்குள் தீர்ந்துவிட்டதென்றால் நிரப்புவது வீண் செலவு மட்டுமன்று, கெடுதலும்கூட. கம்ப்ரஸருக்கு உயவு தரும் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கசிவு வழியே அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

நிரப்புவதிலும் இரண்டு முறைகள் உண்டு. அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே குத்துமதிப்பாக ஏற்றுவது ஒன்று. இருப்பதை முழுமையாக மீட்டெடுத்து, உள்ளிருக்கும் காற்றையும் உறிஞ்சி வெளியேற்றி (வேக்யூம் செய்து), தயாரிப்பாளர் ஒட்டிய லேபிளில் உள்ள அளவை எடைபோட்டு ஏற்றுவது மற்றொன்று. இரண்டாவதையே வற்புறுத்துவேன். வண்டி நிற்கும்போது, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கார் ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் கேஜில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 97 பவுண்டு) காட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் எஞ்சியிருக்கும் வரை, பாதி அளவே இருந்தாலும் இதே எண்தான் வரும். ஓடும்போது வரும் அழுத்தமோ வெளி வெப்பத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். சிறிய கார்களின் மொத்தக் கொள்ளளவே பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டியது என்பதால், 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரிந்துவிடும்.

கசிவைத் தேடும் முறைகளில் எதுவும் தனித்து நின்று போதுமானதில்லை. மிக எளியது கண்ணால் பார்ப்பது: இணைப்புகளிலும் கண்டென்சரின் ஓரங்களிலும் தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பாதி வேலை முடிந்தது. எலக்ட்ரானிக் கண்டறிவான் மிக நுண்ணிய கசிவையும் பிடிக்கும். ஆனால் காற்று வீசும் இடத்தில் ஏமாற்றும், மேலும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அதன் முனையை இணைப்புகளுக்குக் கீழே பிடிக்க வேண்டும். புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தை ஏற்றினால் இடத்தையே சுட்டிக்காட்டும். எனினும் சில நாள்கள் ஓட்டிய பிறகே தெரியும். முழுதும் காலியான அமைப்புக்கு, உலர்ந்த நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதையே நான் முதலில் வைப்பேன். அதற்குப் பதிலாக ஆக்சிஜனை ஏற்றுவது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடிய பேராபத்து.

வேக்யூம் நிலைத்து நின்றால் கசிவே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது அரைகுறைச் சோதனை: அப்போது சுவர்களின் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே, அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஓடும்போதோ உயர் அழுத்தப் பக்கத்தில் 200 பி.எஸ்.ஐ. உள்ளிருந்து வெளியே தள்ளும்.

டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டர் கசிகிறது என்று தெரிந்தால், டேஷ்போர்டைக் கழற்ற அஞ்சி, கசிவடைக்கும் திரவத்தை ஊற்றலாமா என்ற எண்ணம் வரும். வேண்டாம். ஈரம் பட்டால் அது உள்ளேயே இறுகி, எவாபரேட்டருக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும், கேஸை மீட்டெடுக்கும் பணிமனை இயந்திரத்தையும் அடைத்துவிடக்கூடும்.

1990-களின் தொடக்கத்துக்கு முந்தைய கார்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. அவற்றில் இருந்த ஆர்-12 என்ற கேஸ், ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே விலக்கப்பட்டது. அத்தகைய காரை ஆர்-134ஏ-வுக்கு மாற்றுகையில், பழைய மினரல் எண்ணெய் புதிய கேஸோடு கலக்காது என்பதால் எஸ்டர் எண்ணெய் தேவைப்படும். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை மாற்றி, பழைய அளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை மட்டுமே ஏற்ற வேண்டும். குளிர்ச்சி சற்றுக் குறையலாம்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எரியும் தன்மையுள்ள ஹைட்ரோகார்பன் கேஸ்களை, அதற்கென வடிவமைக்கப்படாத காரில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எவாபரேட்டர் இருப்பது பயணிகளின் காலடியை ஒட்டித்தான்.

எந்தப் பாகத்துக்காகத் திறந்தாலும் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரைப் புதிதாகப் போடுங்கள். கம்ப்ரஸர் உள்ளே நொறுங்கிப் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுவது போதாது. உலோகத் துகள்கள் கண்டென்சரின் மெல்லிய பாதைகளில் சிக்கியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதும் வெளியே வராது, எனவே கண்டென்சரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.