ஹாப்பை இடம் மாற்ற: டியூபை நீட்டுவதா, பைப்பை நீட்டுவதா?

சமையலறையைப் புதுப்பிக்கும்போது ஹாப் (மேடையில் பதிக்கும் அடுப்பு) இரண்டு மீட்டர் தள்ளிப் போகிறது என்றால் வழி மூன்று: ரப்பர் டியூபை நீளமாகப் போடலாம், காப்பர் பைப்பை நீட்டலாம், கேஸையே விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாம்.

டியூப் வழிக்குச் செலவும் நேரமும் குறைவு. அதனால்தான் பலரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் நீள டியூப் ஓவனின் முதுகை ஒட்டியும் டிராயருக்குப் பின்னாலும்தான் போக வேண்டியிருக்கும். சூட்டில் ரப்பர் இறுகும். டிராயர் மூடும்போதெல்லாம் உரசும். பழைய டியூபைக் கழற்றி நுனியருகே மடக்கிப் பாருங்கள்: மேலே பளபளப்பாக இருப்பதிலும் வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். இரண்டு டியூபை நடுவில் இணைப்பதும் சுவரைத் துளைத்துக் கொண்டுபோவதும் கூடவே கூடாது. ஸ்டீல் வலை போர்த்திய டியூப் எலிக்கும் உரசலுக்கும் தாங்கும். அதையும் சுவருக்குள் புதைக்கக் கூடாது.

ஹாப் கைநீட்டும் தூரம்தான் நகர்கிறது என்றால் புது டியூப் போதும். அதற்கு மேல் என்றால் காப்பர் பைப்தான். டியூப் கடைசித் துண்டுக்கு மட்டும்.

பைப்பிலும் கவனிக்க நிறைய உண்டு. நீளமும் எல்போக்களும் (வளைவு இணைப்புகள்) கூடக்கூட அழுத்தம் குறையும். தனித்தனியாக நன்றாக எரியும் பர்னர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்ததும் சுருங்கினால் பைப்பின் விட்டம் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஆகவே எல்லா பர்னர்களின் கிலோவாட்டையும் கூட்டித்தான் விட்டத்தை முடிவுசெய்ய வேண்டும். சுவருக்குள் போகும் பகுதியில் இணைப்பே வேண்டாம். சிமென்ட் காப்பரை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் உறை போட்ட பைப் எடுங்கள். சாய்வாக ஓடாமல் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ நேராகப் போகட்டும். நாளை கேபினெட் மாட்ட வருபவரின் டிரில்லுக்கு அது சிக்காது. மூடும் வால்வு, ஹாப்பைத் தூக்காமலே கை எட்டும்படி பக்கத்துக் கேபினெட்டில் இருக்கட்டும்.

இணைப்பு கசியாமலிருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கான மெல்லிய வெள்ளை டேப் இதற்கு ஆகாது. கேஸுக்கென்று தடித்த டேப் இருக்கிறது. அதையும் மரை இணைப்பில் மட்டும் சுற்றுங்கள். ஃபிளேர் நட்டில் (பைப்பின் விரித்த நுனியை இறுக்கும் நட்) உலோகம் உலோகத்தோடு நேராக அமர வேண்டும். இடையில் டேப் வந்தால் கசியும். இந்த இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டர்தான் செய்ய வேண்டும்.

இண்டக்‌ஷனில் கசிவு பயம் இல்லை. ஆனால் 7 கிலோவாட் ஹாப், 230 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சாக்கெட் தாங்காது, மெயின் போர்டிலிருந்து தனி வயர் வேண்டும். காந்தம் ஒட்டாத பாத்திரங்கள் பயன்படா. பழைய கேஸ் லைனை வால்வை மூடி மட்டும் விட்டுவிடாமல், நுனியில் உலோக மூடி போட்டு அடைக்க வேண்டும். புதுப்பிப்பு நடக்கும் நாட்களில் கழற்றி வைத்த எந்த லைனுக்கும் இதேதான்.

பூச்சும் கேபினெட்டும் மூடுவதற்கு முன்பே சோதனை முடிய வேண்டும். பர்னர்களை மூடி, லைனில் அழுத்தம் ஏற்றி, மானோமீட்டரில் (அழுத்தத்தை நீர்மட்டத்தால் காட்டும் கருவி) நீர்மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று ஃபிட்டர் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். தீக்குச்சி கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கேபினெட்டின் அடியில் தேங்கும். அதனால் காற்றுத் துளை கீழே வேண்டும். இயற்கை எரிவாயு மேலே ஏறும், அதற்குத் துளை மேலே.